கடைக் கணக்கு தெரிந்த நமக்குக் கரண்டு கணக்கு தெரிய வேண்டாமா?



கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் நமக்கு இராத்தூக்கம் வராது. மூட்டைக்கு அரைக் கிலோ எடை குறைந்தால் மண்டிக்காரரிடம் அன்றைக்கே கேட்டுவிடுவோம். எந்தச் சரக்கு எத்தனை நாள் தாங்கும், எந்த வாடிக்கையாளர் எந்தத் தேதியில் பாக்கி தீர்ப்பார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் மூன்று கேள்விகளுக்கு மட்டும் நம்மில் பெரும்பாலோரிடம் விடை இருக்காது. இந்த நிமிடம் நம் கடையில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது? சுவருக்குள் போகும் ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்? நம் பெயரில் பதிவாகியிருக்கும் மின்பளு எத்தனை கிலோவாட்?

"அதெல்லாம் ஒயர்மேனுக்குத்தான் தெரியும்" என்போம். நாமும் அப்படிச் சொல்லிக்கொண்டு இருந்தவர்கள்தாம். ஒரு பௌர்ணமி இரவு அந்தப் பேச்சை மாற்றியது.

நமது கடை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் இருக்கிறது. மலைக்கு மேற்குப் பக்கம். பதினான்கு கிலோமீட்டர் சுற்றில் பாதி நடந்து களைத்த பக்தர்கள் உட்கார்ந்து தண்ணீர் கேட்கும் இடம். சாதாரண நாளில் நம் பக்கத்துக் கடைகளில் நாலு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு குளிர்பானப் பெட்டி, அவ்வளவுதான். பௌர்ணமி வந்துவிட்டால் கதையே வேறு. டீக்கு வெந்நீர் வைக்கும் கெட்டில் வரும். ஜூஸ் போட மிக்சி வரும். வாசலில் சரவிளக்கு வரும். மாலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டிக்காரத் தம்பி வந்து, "அண்ணே, ஒரு லைன் குடுங்கண்ணே, காலையில கழட்டிடறேன்" என்பார். முகம் பார்த்து மறுக்க முடியுமா? கொடுத்துவிடுவோம்.

அன்றைக்கும் கொடுத்தோம். இரவு இரண்டு மணி இருக்கும். ரப்பர் கருகும் வாடை வந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்சைத் தொட்டால் கை சுட்டது. பிளக் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே உள்ள தட்டில் இரண்டு டஜன் கற்பூரப் பாக்கெட்! மெயினை அணைத்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போனது ஒரு பாக்சும் அரைமணி நேர வியாபாரமும்தான். வெளியே பாதை நிறைய ஜனம். அந்தக் கற்பூரம் பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

மறுநாள் வந்த ஒயர்மேன் நம்மைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பாக்சுல எவ்வளவு லோடு ஏத்துனீங்கன்னு கூட்டிப் பாத்தீங்களா?" முப்பது வருடமாகக் கூட்டிக் கழித்தே பிழைக்கிற நமக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

பிறகு கூட்டிப் பார்த்தோம். வெந்நீர் கெட்டில் 1500 வாட். நம் மிக்சி 750. தம்பியின் வண்டியில் இன்னொரு மிக்சி 750, விளக்குகள் 200. மொத்தம் 3200 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 14 ஆம்பியர். அந்தப் பாக்சின் பிளக் 6 ஆம்பியர் பிளக். அது தாங்கக் கூடியது 6 பெருக்கல் 230, அதாவது 1380 வாட். இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியிருக்கிறோம்! ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். மாலை ஆறு மணிக்கே போட்டுப் பார்த்திருந்தால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு பதறியிருக்க வேண்டாம்.

ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் வற்புறுத்துவது ஒன்றே. மின்கணக்கும் கடைக் கணக்குதான். அதை ஒயர்மேனிடம் முழுதாக விட்டுவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது வியாபாரத்துக்கு அழகல்ல.

விலை, அளவு, தொகை

இந்தக் கணக்கு கடினம் என்று நினைக்க வேண்டாம். தினமும் பில் போடுகிறவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த கணக்கு. வோல்ட் என்பது விலை மாதிரி. ஆம்பியர் என்பது அளவு மாதிரி. வாட் என்பது தொகை. கிலோ 50 ரூபாய், 4 கிலோ எடுத்தால் 200 ரூபாய் என்கிறோம் அல்லவா? அதுபோல 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுத்தால் 920 வாட். தொகையும் விலையும் தெரிந்தால் அளவைக் கண்டுபிடிக்கலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மின்கட்டண அட்டையில் ஏறுவது அதுதான்.

நான்காவதாக ஒன்று உண்டு. அது மின்தடை. கரண்டு ஓடும் வழி எவ்வளவு குறுகல் என்பதற்கு அதுவே அளவு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். அதற்கு ஓம் என்று பெயர். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கைச் சொன்னார். கிரிவலப் பாதையையே நினைத்துப் பாருங்கள். அகலமான இடத்தில் கூட்டம் தானாக நகர்கிறது. இருபுறமும் கடை நெருக்கிய இடத்தில் ஒருவரை ஒருவர் இடித்து, வியர்த்து, புழுங்கி நகர்கிறது. ஒயரும் அப்படித்தான். மெல்லிய ஒயர் குறுகிய பாதை; நீளமான ஒயர் நெடுந்தூர நெரிசல். நெரிசல் உள்ள இடத்தில் சூடு பிறக்கும்.

அந்தச் சூட்டுக்கும் கணக்கு உண்டு. அதைச் சொன்னவர் நம் போன்ற வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமையான செய்தி. இங்கிலாந்தில் பீர் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் ஜூல். ஆலையின் நீராவி இயந்திரத்துக்குப் பதில் மின்மோட்டார் வைத்தால் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்க்கப் போனவர், 1840-களின் தொடக்கத்தில் இந்த விதியைக் கண்டறிந்தார். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, மீண்டும் தடையால் பெருக்கினால், ஒயர் எத்தனை வாட் சூடாகிறது என்பது தெரியும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. "இன்னும் ஒரு பிளக்தானே" என்று நாம் சொருகும்போது நடப்பது இதுதான்.

லூஸ் கனெக்‌ஷன் என்னும் கள்ளன்

பிளக் தளர்ந்திருக்கிறது, முறுக்கிய ஒயரின் மேல் டேப் மட்டும் சுற்றியிருக்கிறது. அந்த ஒட்டில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் பத்துக்குப் பத்து நூறு, அதில் பாதி 50 வாட். விரல் நுனி அளவு இடத்தில் 50 வாட்! ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் சாதாரணமாக 25 வாட்தான். அப்படியானால் நம் சுவிட்ச் போர்டுக்குள் ராத்திரி முழுக்க இரண்டு சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதே ஒட்டில் 20 ஆம்பியர் ஓடினால் 200 வாட். இதற்குமேல் தீப்பெட்டி தேவையா?

பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றிவைக்கும் பழக்கம் நம்மிடம் பழையது. இப்போது அதன் புதிய வடிவம், எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டுவது. எம்.சி.பி. இருப்பது ஒயரைக் காப்பாற்ற. சுவருக்குள் இருக்கும் ஒயர் மாறாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்குவது, குரைக்கிற நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குவதற்குச் சமம். அது விழுந்தால் "லோடு அதிகம்" என்று சொல்கிறது. கேட்டுக்கொள்வதே நமக்கு நல்லது.

நாற்பது மீட்டர் லைனின் விலை

பாதையோரக் கடைக்கு லைன் இழுக்கிறோம் அல்லவா, அதையும் கணக்குப் போடுவோம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு ஆயிரம் மீட்டரில் சுமார் 18 ஓம் தடை. நாற்பது மீட்டர் தள்ளி இழுத்தால் போவதும் வருவதுமாக எண்பது மீட்டர். தடை ஏறத்தாழ 1.45 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 14.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 145 வாட் ஒயரைச் சூடாக்குவதில் செலவாகும். எட்டு மணி நேரத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல் வீண். மிச்ச ஒயரைச் சுருட்டியே வைத்திருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் சுருளே அவியும்.

அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் தடை 0.6 ஓமுக்குள் அடங்கும். இழப்பு 6 வோல்ட். சூடு 60 வாட்டுக்குள். ஒயருக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே திரும்ப வருகிறது என்பது இப்போது விளங்கும். மெல்லிய ஒயர் வாங்குவது, மலிவு என்று ஓட்டைச் சாக்கு வாங்குவது போல. சாக்கில் மிச்சம் பிடித்ததைச் சரக்கில் கொட்டிவிட்டு வருவோம்.

மோட்டார் உள்ள பொருள்களில் மட்டும் ஒரு சிறு திருத்தம் உண்டு. கரும்பு மிஷின், கிரைண்டர், குளிர்பானப் பெட்டி போன்றவற்றுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது மூட்டையோடு சேர்ந்த எடை. வாட் என்பது சாக்கு கழித்த எடை. பவர் பேக்டர் என்று ஒயர்மேன் சொல்வது இந்தக் கழிவைத்தான். தோராயத்துக்கு நூற்றுக்கு எண்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் லாரி சுமப்பது சாக்கோடு சேர்ந்த எடையைத்தானே? அதுபோல ஒயர் சுமப்பதும் முழு ஆம்பியரை. ஒயர் வாங்கும்போது கழிவு பார்க்கக் கூடாது. மேலும், மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டு இழுக்கும். அதற்கும் இடம் விட வேண்டும்.

வோல்டேஜ் குறைந்தால் யாருக்கு நட்டம்?

பௌர்ணமி இரவில் நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் புகார் லோ வோல்டேஜ். புகார் நியாயமானதே. 230 வோல்ட்டில் நூற்றுக்கு ஆறு கூடலாம், ஆறு குறையலாம் என்பது விதி. அதாவது 216-க்குக் கீழே போகக் கூடாது. போனால் என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள்.

1000 வாட் வெந்நீர் கெட்டில் ஒன்று. 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும். அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். தடை அப்படியே இருக்க, வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் கரண்டு 3.6 ஆம்பியருக்கு இறங்கும். இரண்டையும் பெருக்கினால் 680 வாட்தான். வோல்டேஜ் குறைந்தது ஆறில் ஒரு பங்கு. சூடு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. வெந்நீர் கொதிக்க ஒன்றரை மடங்கு நேரம். டீக்கு நிற்கிற ஜனம் அடுத்த கடைக்கு நடந்துவிடும். மோட்டார் நிலைமை இதற்கு நேர்மாறு. வேலையை முடித்தே ஆக வேண்டும் என்று அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சூடாகும், கடைசியில் குளிர்பானப் பெட்டியின் கம்பிரஸர் போகும். ஒரு பௌர்ணமி இலாபம் முழுவதையும் ஒரு கம்பிரஸர் விழுங்கிவிடும்.

இதற்கு மின்வாரியத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நல்லபிள்ளையாக இருக்க முடியாது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு பேசுக்கு ஏறத்தாழ 133 ஆம்பியர் எடுக்கலாம். அதன் கீழே அறுபது கடைகள் இருந்து, பௌர்ணமியன்று ஒவ்வொருவரும் சொல்லாமல் கொள்ளாமல் 2 கிலோவாட் கூடுதலாக ஏற்றினால் 120 கிலோவாட் ஆகிறது. அன்றாடப் பளுவைச் சேர்க்காமலே டிரான்ஸ்பார்மர் திணறிவிடும். பதிவேட்டில் நாம் எழுதிக் கொடுத்திருப்பது பழைய பளு. அதைப் பார்த்துத்தான் அவர்கள் டிரான்ஸ்பார்மர் வைக்கிறார்கள். சரக்கு எவ்வளவு என்று சொல்லாமல் லாரி மட்டும் பெரிதாக வர வேண்டும் என்றால் எப்படி?

"ஒரு லைன் குடுங்கண்ணே"

இனி, கசப்பானாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. நம் கடையிலிருந்து அடுத்தவர் கடைக்கு லைன் கொடுப்பதை நாம் உதவி என்று நினைக்கிறோம். சிலர் அதற்கு இரவுக்கு இவ்வளவு என்று காசும் வாங்குகிறோம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு இதை அனுமதியில்லாத உபயோகம் என்கிறது. எந்த இடத்துக்கு இணைப்பு வாங்கினோமோ அந்த இடம் தாண்டிக் கொடுக்கக் கூடாது. எந்தக் காரியத்துக்கு வாங்கினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு இணைப்பில் பௌர்ணமிக்கு மட்டும் திண்ணையில் கடை போடுகிறவர்களும் இதில் அடக்கம். கண்டுபிடித்தால் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு. எத்தனை நாளாக நடந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கிடலாம். பன்னிரண்டு இரவு செய்த உதவிக்குப் பன்னிரண்டு மாதக் கட்டணம் இரட்டிப்பாக வரும்!

அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த லைனில் தள்ளுவண்டிக்காரத் தம்பிக்கோ, வண்டியைத் தொட்ட ஒரு குழந்தைக்கோ ஷாக் அடித்தால் யார் பொறுப்பு? ஒயர் நம் கடையிலிருந்து போகிறது, நாம்தான் பொறுப்பு. தற்காலிக இணைப்பு என்று தனி வகை இருக்கிறது. கட்டணம் அதிகம்தான், விண்ணப்பம், அலைச்சல் எல்லாம் உண்டுதான். அதைத் தனித்தனியாகச் செய்ய முடியாத சிறு வியாபாரிகளுக்காகச் சங்கமே முன்நின்று விண்ணப்பித்துக் கொடுக்கலாம். சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு "முடியாது தம்பி" என்று சொல்லச் சொல்லவில்லை நாம். சரியான வழியைக் காட்டிவிட்டு மறுப்போம் என்கிறோம்.

ஒரு கடையின் தீ ஒரு கடையோடு நிற்பதில்லை. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கடைகள் இருந்த பகுதியில் தீப்பிடித்து வீரவசந்தராயர் மண்டபம் சேதமடைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு கோயிலுக்குள் கடை வைப்பதே கேள்விக்குறியாகி, தலைமுறையாக அங்கே பிழைத்தவர்கள் வெளியேற நேர்ந்தது. நாம் இருப்பதும் கோயிலை நம்பிய ஊர். ஒரு தீ போதும், பாதையோரம் கடையே வேண்டாம் என்று பேச்சுக் கிளம்ப. கற்பூரமும் நெய்யும் பிளாஸ்டிக்கும் அடுக்கிவைத்த நமக்கு அந்த எண்ணம் எப்போதும் இருக்க வேண்டும்.

சிலர் சொல்லும் மறுப்புகள்

"நாங்கள் என்ன இன்ஜினீயரா?" என்று கேட்பவர்கள் உண்டு. தராசு செய்யத் தெரிந்தவரா நாம் எல்லோரும்? ஆனால் தராசு சரியா என்று பார்க்கத் தெரியும் அல்லவா? அவ்வளவு போதும். போர்டைத் திறப்பதும் ஒயர் மாற்றுவதும் உரிமம் பெற்ற ஒயர்மேன் வேலை. கூட்டிப் பார்ப்பது நம் வேலை.

"பளுவைக் கூட்டிப் பதிவு செய்தால் நிலைக் கட்டணம் ஏறுமே?" என்பது இரண்டாவது கேள்வி. உண்மை. வணிக இணைப்புக்கு நிலைக் கட்டணம் கிலோவாட் கணக்கில்தான் வாங்குகிறார்கள். பளு கூடினால் அதுவும் கூடும். அது சிறு கடைக்குப் பாரம் என்பதை நாம் மறைக்கவில்லை. வருடத்தில் சில இரவுகளுக்காக வருடம் முழுக்க நிலைக் கட்டணமா என்று கேட்பது நியாயமான கேள்வி. கிரிவலப் பாதை போன்ற இடங்களுக்குப் பௌர்ணமி, தீபத் திருவிழா நாட்களில் மட்டும் எளிய கட்டணத்தில் கூடுதல் பளு தர ஒரு வழி வேண்டும் என்று சங்கம் கேட்க வேண்டும் என்பது நமது கருத்து. ஆனால் கேட்கும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். "கரண்டு போதவில்லை" என்று முறையிடுவதும், "எங்கள் தெருவில் இத்தனை கடை, சாதாரண நாளில் இத்தனை கிலோவாட், பௌர்ணமியன்று இத்தனை கிலோவாட்" என்று எழுதிக் கொடுப்பதும் ஒன்றாகுமா? கணக்கோடு போகிறவனுக்கு நாற்காலி கிடைக்கும். வெறுங்கையோடு போகிறவனுக்கு வாசல்தான்.

"மீட்டர், டெஸ்டர் எல்லாம் வாங்க வேண்டுமா?" என்பது மூன்றாவது. வேண்டியதில்லை. மின்மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். 3200, 1600 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 64 மினுக்கு வந்தால் ஒரு மணிக்கு 3840. அதை 3200-ஆல் வகுத்தால் 1.2. அதாவது இப்போது 1200 வாட் ஓடுகிறது. ஏறத்தாழ 5 ஆம்பியர். காசு செலவில்லாத டெஸ்டர் நம் சுவரிலேயே தொங்குகிறது! இன்னும் துல்லியம் வேண்டுவோர் ஒயர்மேனை டாங் டெஸ்டர் கொண்டு வரச் சொல்லி, பௌர்ணமி இரவில் ஒருமுறை அளக்கச் சொல்லலாம். பகலில் அளந்தால் பயனில்லை. கூட்டம் உள்ள நேரத்தில்தான் நோய் தெரியும்.

செய்ய வேண்டியது

பேரேட்டின் கடைசிப் பக்கத்தை மின்சாரத்துக்கு ஒதுக்குவோம். கடையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எழுதி, அதன் பின்புறத் தகட்டில் உள்ள வாட்டை எதிரே எழுதுவோம். வாட் இல்லாமல் ஆம்பியர் மட்டும் இருந்தால் 230-ஆல் பெருக்குவோம். குதிரைத் திறன் எழுதியிருந்தால் ஒன்றுக்கு 746 வாட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்து ஆயிரம் என்று வைப்பது பத்திரம். ஒரு ஜூஸ் கடைக்கு மாதிரி போட்டுப் பார்ப்போம். குளிர்பானப் பெட்டி 300, மிக்சி 750, ஒரு குதிரைத் திறன் கரும்பு மிஷின் 1000, விளக்குகள் 200, இரண்டு மின்விசிறி 150. ஆக 2400 வாட். ஏறத்தாழ பத்தரை ஆம்பியர். அதில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைச் சேர்த்தால் 4400 வாட், 19 ஆம்பியர். மோட்டார்களுக்கான சாக்கு எடையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பதிவான பளு 2 கிலோவாட் என்றால் அந்த அடுப்பை வாங்கும் முன்பே நிற்க வேண்டிய இடம் எது என்று புரிகிறது அல்லவா?

பட்டியல் எழுதிய பிறகு மூன்று எண்களை ஒப்பிடுவோம். நாம் ஏற்றும் பளு, ஒயரும் எம்.சி.பி.யும் தாங்கும் அளவு, மின்வாரியத்தில் பதிவான பளு. முதல் எண் மற்ற இரண்டையும் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒன்று பொருளைக் குறைப்போம், அல்லது ஒயரை மாற்றிப் பளுவை முறையாகக் கூட்டுவோம். வெந்நீர் கெட்டிலையும் அடுப்பையும் எக்ஸ்டென்ஷன் பாக்சில் சொருகாமல் 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் சொருகுவோம். கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத கடைகள் அதை மாட்டிக்கொள்வோம். மின்சாரம் போகும் போர்டுக்குக் கீழே கற்பூரம் வைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். நாம் விட்டுவிட்டோம்.

சங்கத்துக்கு நமது வேண்டுகோள் இது. ஒவ்வொரு தீபத் திருவிழாவுக்கும் ஒரு மாதம் முன்பு தெருத் தெருவாக இந்தப் பட்டியலைத் திரட்ட வேண்டும். கூட்டுத் தொகையை எழுத்து மூலமாக மின்வாரியத்திடம் கொடுக்க வேண்டும். 2024 முதல் அதற்கு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறியிருந்தாலும் கதவு அதே கதவுதான். கணக்கைப் பெற்றுக்கொண்ட பிறகும் டிரான்ஸ்பார்மர் திணறினால், அப்போது நாம் குரல் உயர்த்தலாம். அந்தக் குரலுக்கு எடை இருக்கும்.

இளைய தலைமுறை கடைக்கு வந்து உட்காரும்போது முதலில் நாம் கற்றுக் கொடுப்பது கல்லாக் கணக்கு. இனி அதோடு இந்த ஒரு பெருக்கலையும் ஒரு வகுத்தலையும் சேர்த்துக் கற்றுக் கொடுப்போம். வோல்ட் பெருக்கல் ஆம்பியர், வாட். வாட் வகுத்தல் வோல்ட், ஆம்பியர். பெருக்குவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. பெருக்காமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலை ஒரு பாக்சும் ஒரு ராத்திரியும். அண்ணாமலையார் புண்ணியத்தில் அதோடு போயிற்று. அடுத்த பௌர்ணமிக்கும் அவர் புண்ணியத்தையே நம்பியிருக்கலாமா? பேனாவை எடுங்கள், பேரேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். பௌர்ணமிக்கு முன் எழுதி முடித்துவிடுவோம்.